அந்தக் கல் விழுந்த சத்தம்

எர்ணாவூரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கால்வாய் ஓடும். அதன்மேல் ஒரு தகரம் கிடக்கும். அதை மிதித்துத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். இருபது வருடமாக மிதிக்கிறேன், ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

போன கோடையில் கோலார் தங்கவயலுக்குப் போனேன். என் நாத்தனார் கஸ்தூரி வாழ்க்கைப்பட்ட ஊர் அது. மூடிப்போன தங்கச் சுரங்கத்தைக் காட்டச் சொன்னேன். பாறையும் முள்ளுமாகக் கிடந்த ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனாள். எனக்கோ போட்டோ பைத்தியம். நாலடி முன்னே போய், அங்கே கிடந்த துருப்பிடித்த தகரத்தின்மேல் ஏறி நின்றேன்.

“அண்ணி, ஆடாத! அப்டியே நில்லு! அதுக்குக் கீழ சுரங்கக்குழி கீது!”

கஸ்தூரியின் குரல் உடைந்திருந்தது. தகரம் என் காலடியில் மெல்ல வளைந்தது. அவள் தரையில் குப்புறப் படுத்துத் துப்பட்டாவை என் பக்கம் வீசினாள்.

“இத்த கெட்டியா புட்ச்சிக்கோ. குந்திக்கினே நகுந்து வா.”

எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நான் தரைக்கு வந்ததும், தகரத்தின் ஓரத்தில் இருந்த கல் ஒன்று உருண்டு இடுக்கில் விழுந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அடியில் விழுந்த சத்தம் வரவே இல்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, வாசல் தகரத்தை எடுத்துவிட்டுக் கடப்பா கல் போட்டேன். அதிலும் ஒரு காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மறுகாலை வைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் குழியில் விழுந்த அந்தக் கல்லின் சத்தத்துக்குக் காத்திருந்ததில்லை.