பழி பெட்டைக்கு

"தள்ளி நில்லுலே! ஈரத் தலையோட வந்து எம்பொழப்பக் கெடுக்காத." பண்ணையில் எடுபிடி வேலை பார்க்கும் இசக்கிப்பாண்டியை விரட்டிவிட்டு, ஆண் கட்லாவின் வயிற்றைத் துண்டால் ஒற்றி ஒற்றித் துடைக்கிறாள் யோகலட்சுமி. மீனின் விந்து தண்ணீர் பட்டால்தான் விழிக்கும். விழித்தால் ஒரு நிமிடம்கூட ஓடாது, அடங்கிவிடும். ஊரே ஐந்தருவிச் சாரலுக்குத் தவம் கிடக்க, இவள் மட்டும் அதைத் திட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்துவாள்.

குற்றாலம் போகும் வழியில் ஒரு தனியார் மீன்குஞ்சுப் பண்ணை. வயிற்றை அழுத்தினால் பால்போல் வருவதைக் கண்ணாடித் துண்டில் தடவி, தானே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாள். எத்தனை ஓடுகின்றன, தலை வீங்கியிருக்கிறதா, வால் ஒடிந்திருக்கிறதா? ஒரு கண்ணால்தான் பார்ப்பாள். மற்றது மூடாமல் பக்கத்தில் நிற்பவர்களை முறைத்துக்கொண்டிருக்கும். பகலெல்லாம் ஆணின் விந்தைச் சோதிக்கிற இவளுக்கு வீட்டில் மலடிப் பட்டம். மகனுக்கு வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாள் மாமியார்.

போன தடவை பண்ணையில் முட்டை பொரியவில்லை. "பெட்டை சரியில்லம்மா, மாத்திரு" என்றார் முதலாளி வல்லிநாயகம் அண்ணாச்சி. அவர் செல்லமாக வளர்க்கும் பெரிய ஆண்மீனின் விந்தை எடுத்துப் பார்த்தாள். முக்கால்வாசிக்கு வால் சுருண்டு கிடந்தது. ஓய்வே கொடுக்காமல் அதையே திரும்பத் திரும்பப் பிழிந்தால் வேறு என்ன ஆகும்?

"ஆளு வாட்டசாட்டமா இருந்தா ஆச்சா அண்ணாச்சி? குஞ்சு பொரிக்கலன்னா எல்லாரும் பெட்டையத்தான் பாக்காவ. ஆம்பளையச் சோதிக்கணும்னு ஒருத்தரு வாயத் தொறக்காவளா?"

ஒரு மீனுக்கு இத்தனை ஆங்காரமா என்று திகைத்துப்போனார் அண்ணாச்சி.

மீனுக்கு மட்டுமா? ஆறு வருடமாக ஸ்கேன், ஊசி, மாத்திரை, சஷ்டி விரதம் எல்லாம் இவளுக்கு. கணவன் குமரகுருவையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். "எனக்கென்ன கொறை? பாத்தாத் தெரியலயா?" என்று நெஞ்சை நிமிர்த்துவான் அவன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று சாயங்காலம் தென்காசி ஆஸ்பத்திரியில் இருவரும் காத்திருந்தார்கள். "யோகலட்சுமி, உள்ள வாங்க" என்றாள் நர்ஸ். இவள் அசையவில்லை.

"இன்னைக்கு இவுகளப் பாருங்க."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். குமரகுருவுக்கு முகம் கறுத்தது. "நாலு பேரு பாக்காவ. பேசாம எந்திரிட்டி."

"பாக்கட்டும். என்னை ஆறு வருசமாப் பாக்காவ."

அவன் அவளை அடக்குகிற வேகத்தில் எழுந்து நின்றான். அவன் எழுந்த நாற்காலியில் யோகலட்சுமி தன் பையைத் தூக்கி வைத்தாள்.