அமெரிக்காவின் வாசற்படி

அமெரிக்காவுக்குள் நுழையும்போதெல்லாம் ஓக் கில்-சூ காலணியைக் கழற்றி, முனை வெளிப்பக்கம் பார்க்க வாசலில் ஜோடியாக வைப்பார். பிறகு காலுறையோடு உள்ளே போய் அந்த வீட்டை அழுக்காக்க ஆரம்பிப்பார். காப்பித்தூளைத் தண்ணீரில் கரைத்துச் சுவரில் பீய்ச்சுவார். ஸ்விட்சைச் சுற்றி, விரல் படும் இடத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. புது சோபாவின் கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்து, வருஷக்கணக்காக யாரோ சாய்ந்து கிடந்த மாதிரி ஆக்கிவிடுவார்.

அவருடைய அமெரிக்கா கொரியாவின் பாஜூவில், முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகைக்குள் இருக்கிறது. பாட்டு வீடியோக்களுக்கு செட் போடுவது தொழில். பெட்ரோல் பங்க், நீல இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும் பள்ளிக்கூடத் தாழ்வாரம், சிவப்பு நாற்காலி போட்ட சாப்பாட்டுக் கடை என்று எத்தனை கட்டினாரோ, அத்தனையும் மறுநாளே குப்பை லாரியில் ஏறிவிட்டன. அவர் விமானத்தில் போன அதிகபட்ச தூரம் உள்நாட்டிலேயே இருக்கும் ஜெஜு தீவு. டைரக்டர்கள் மேல்நாட்டு வீடியோ ஒன்றைப் போனில் காட்டி, "அண்ணே, இதே மாதிரி வேணும், ஆனா இதே மாதிரி இருக்கவும் கூடாது" என்பார்கள். மனிதர் அசர மாட்டார். "எல்லாருக்கும் அதுதான் வேணும்" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொள்வார்.

பெருமை அவருக்கு ஒன்றே ஒன்றுதான். "என் அமெரிக்காவுல நம்மூரு ஆணி ஒண்ணு கண்ணுல படட்டும், தொழிலையே விட்டுடறேன்." மனைவி சுன்-போக் விடுவாளா? "இத்தனை வீடு கட்டினீங்களே, ஒண்ணுலயாவது என்னைக் குடி வச்சீங்களா?" என்று குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்துவாள். அவர் கிம்ச்சி ஊறுகாயை எடுத்து வாயை அடைத்துக்கொள்வார்.

போன மாதம் ஐந்து புதுப் பெண்கள் சேர்ந்த ஒரு பாட்டுக் குழுவின் முதல் பாட்டு. மெட்டு ஸ்வீடனிலிருந்து வந்தது, ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸ்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது, தலைமுடி மட்டும் எந்த நாட்டு நிறம் என்று சொல்ல முடியவில்லை. கடைக்குட்டி தோ-ஹி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, ஷூவோடு வெள்ளைக் கட்டிலில் ஏறிக் குதிக்க வேண்டும். மேல்நாட்டு வீடியோவில் அப்படித்தான் குதிக்கிறார்கள்.

ஓடிவந்தாள். வாசலில் கால் தயங்கியது. ஒரு கால் மறு காலின் குதியை மிதித்து ஷூவைக் கழற்றிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"வேணும்னு செய்யலை சார். காலு தானா நிக்குது," என்றாள். மூக்கு சிவந்துவிட்டது.

டைரக்டர் மெங் கெட்டவர் இல்லை. அவருக்கு நேரம்தான் இல்லை. "நீ பின்வரிசைக்குப் போம்மா. ஓடிவர்றதை வேற பொண்ணு செய்யட்டும்."

பள்ளிக்கூட நாளிலிருந்து இதற்காகவே ஆடிப் பழகிய பெண். முதல் வீடியோவிலேயே பின்வரிசை என்றால் அப்புறம் முன்வரிசை ஏது? அவள் தலையைக் குனிந்து, சரி என்று நகர்ந்தாள்.

கில்-சூ வாசலில் போய்க் குந்தி, தரையைக் கையால் தடவினார். வெளியே ஒரு மட்டம். வீட்டுக்குள் நாலு விரல் உயரம். நம் கொரிய வீடுகளில் காலணியை விட்டு ஏறுகிற அதே படி. வரைபடத்தில் அப்படி ஒன்று கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. கை தன் பழக்கத்துக்குக் கட்டிவிட்டிருக்கிறது. தினமும் அவர் கால் நின்றதும் அங்கேதான்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் எழுந்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்.

"டைரக்டர் சார், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அமெரிக்க வீட்டுக்கு நான் நம்மூரு வாசலை வச்சிட்டேன். அரை மணி நேரம் குடுங்க. அவளை மாத்தாதீங்க."

"அப்ப தொழிலை விடறீங்களாண்ணே?" என்று சீண்டினார் ஒரு லைட்காரர்.

"இந்தப் பலகையை அடிச்சிட்டு விடறேன்," என்றார் கில்-சூ. காதுமடல் சிவந்திருந்தது.

வெளித்தரையில் பலகை அடித்து, மட்டமாக்கி, வண்ணம் பூசினார். தோ-ஹி ஓடிவந்தாள். கால் நிற்கவில்லை. அவள் குதித்த குதியில் கட்டில் கிறீச்சிட்டது. மெங் கைதட்டினார்.

செட்டைப் பிரிக்கும் நேரம் வந்தது. கடப்பாரையோடு போன கில்-சூ வாசலில் நின்றார். படி இல்லாத அந்த வாசலில் ஒரு ஜோடி வெள்ளை ஷூ, முனை வெளிப்பக்கம் பார்க்க வைக்கப்பட்டிருந்தது. உள்ளே தோ-ஹி காலுறையோடு, கட்டில் விரிப்பில் பதிந்த தன் தடத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"விடும்மா, அது லாரிக்குப் போறதுதானே."

"தெரியும் மாமா. இதோ, முடிஞ்சிது."

கில்-சூ கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். குனிந்து தன் காலணியைக் கழற்றி, அவளுடைய ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தார்.