பாதியில் திரும்பிய செங்கற்கள்

கட்டட வேலையில் எல்லோரும் அவரைச் செக்போஸ்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். சோதனை போடாமல் எதையும் அவர் தாண்ட விட்டதில்லை. யாராவது வணக்கம் வைத்தால், எதற்காக வைத்தான் என்று இரண்டு நாள் யோசிப்பார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது. மனைவி எதை நம்பிச் சம்மதித்தாள் என்ற விசாரணை இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலை, அடுத்தவன் எறிவதை நம்பிக் கை நீட்டுவது. மனைவியின் தம்பி கீழே நின்று செங்கல்லை மேலே எறிவான். சாரத்துப் பலகையில் நிற்கும் செக்போஸ்ட் பிடித்துக் கொத்தனாரிடம் கொடுப்பார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கையை விட்ட கணத்திலிருந்தே கல்லைப் பூமி கீழே இழுக்கத் தொடங்கிவிடும், புறப்பட்ட விருந்தாளியின் பையை விடாமல் பிடித்துக்கொள்ளும் அத்தையைப் போல. ஏற ஏற வேகம் கரையும். முழுதும் கரைந்ததும், கண் சிமிட்டும் நேரம் கல் அந்தரத்தில் நிற்கும், அப்புறம் விழும். அந்தச் சிமிட்டலில் பிடித்தால் செங்கல் பூ மாதிரி இருக்கும். பன்னிரண்டு வருடமாக மச்சான் எறிந்த கல்லெல்லாம் செக்போஸ்ட்டின் உள்ளங்கைக்கு வந்துதான் நின்றது. அவன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை; பார்த்தால் கண்ணில் தூசி விழும்.

அந்தத் திங்கட்கிழமை, முதல் கல் செக்போஸ்ட்டின் முழங்காலுக்குக் கீழேயே நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தரையில் உடைந்தது. இரண்டாவதும் அப்படியே.

செக்போஸ்ட்டுக்குப் புரிந்துவிட்டது. மட்டம் பார்க்கும் தன் ரசமட்டத்தை இரவல் வாங்கிக் கெடுத்துவிட்டான் என்று சனிக்கிழமைதான் மச்சானோடு சண்டை போட்டிருந்தார். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஆக, சதிக்குக் காரணமும் தயார்.

ஏழாவது கல் உடைந்தபோது மேஸ்திரி வந்துவிட்டார்.

"என்னய்யா, வீடு கட்டறீங்களா, கல்லு உடைக்கறீங்களா?"

"வேணும்னே குறைச்சு எறியறான். என்னைக் குனிய வச்சுக் கவுக்கப் பாக்கறான்" என்றார் செக்போஸ்ட்.

"எப்பவும் எறியற மாதிரிதான் எறியறேன் மாமா. கல்லுக்கு வேணா உங்களைப் பாத்து பயம் வந்திருக்கும்" என்றான் மச்சான்.

"பாத்தீங்களா, வாயப் பாத்தீங்களா!"

மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார். "வேணும்னுதான் செய்யறான்னு நீ அடிச்சுச் சொல்லு. உன் மச்சான் இப்பவே வீட்டுக்குப் போகட்டும். நாளைக்கும் வர வேணாம்."

செக்போஸ்ட் வாயைத் திறந்தார். மச்சான் வீட்டில் மூன்று மாதக் குழந்தை. அதோடு, தன் சாட்சியத்தின் மீதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாயை மூடினார்.

"இருங்க, நானே எறிஞ்சு காட்டறேன்."

இறங்கி வந்து மச்சானை மேலே அனுப்பினார். ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். குற்றமில்லை. மச்சான் வழக்கமாக எறியும் அளவிலேயே ஓங்கி எறிந்தார். அது மச்சானின் முழங்காலை எட்டிப் பார்த்துவிட்டு அவர் காலடிக்கே வந்து சேர்ந்தது.

"என்ன மாமா, உங்களுக்கும் என்மேல சதியா?"

சித்தாள்கள் சிரித்தார்கள். செக்போஸ்ட் நிமிர்ந்தார். பலகை, சாரக் கம்பத்திலிருந்த பழைய கயிற்றுத் தடத்துக்கு இரண்டு முழம் மேலே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். காலையில் அவர் பார்த்ததுதான்; சதி யோசனையில் மறந்துபோயிருந்தது. பலகை ஏறினால், மேலே நிற்பவர் குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் எறிபவன் கையில் வேகத்தைக் கூட்டுவான். இத்தனை வருடமாகக் குரல் கொடுத்தவர் செக்போஸ்ட். அன்றைக்கு மட்டும், பேசுவதில்லை என்ற வைராக்கியத்தில், கொடுக்கவில்லை.

"யார் தப்பு?" என்றார் மேஸ்திரி.

செக்போஸ்ட் சுற்றிலும் பார்த்தார். வேறு ஆள் அகப்படவில்லை. பூமியைச் சொல்லலாம் என்றால், அது மாமன் மச்சான் பார்க்காமல் எல்லோர் கல்லையும் ஒரே மாதிரிதான் இழுக்கிறது.

"என் மேலதான்னு ஒரு சந்தேகம்" என்றார்.

"சந்தேகம்தானா?"

"பலமான சந்தேகம்."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு போனார். மச்சான் இறங்கி வந்தான்.

"பலகை ரெண்டு முழம் ஏறியிருக்குடா" என்றார் செக்போஸ்ட், தரையைப் பார்த்தபடி.

"இதைக் காலையிலயே சொன்னா வாய் வலிக்குமா மாமா?"

"நீ நிமிந்து பாத்தா கழுத்து சுளுக்கிக்குமா?"

மச்சான் அடுத்த கல்லை எடுத்தான். செக்போஸ்ட் மேலே ஏறிக் கையை நீட்டினார். கல் கையில் வந்து நின்றது.