ஆலங்காயத்து இளநீர்

பத்தாம் வகுப்போடு நின்றுபோனவள் எழுத வந்திருக்கிறேன். முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்கிற ஒரே தைரியம்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். நூலகத்தின் பின்னறையில் அரசு அதிகாரிகள் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு போனும் கொண்டுவந்து வைத்து, அதற்குத் தகவல் மையம் என்று பேர் வைத்தார்கள். விளைச்சலை அதில் பதிந்தால் சென்னை வியாபாரி நேராகவே வாங்கிக்கொள்வார், நடுவில் ஆளே வேண்டாம் என்றார்கள். பதிவதற்கு மட்டும் நடுவில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. மகளிர் குழுவில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்த ஆள் நானானேன்.

தோல் கம்பெனிகளின் கழிவு இறங்கி எங்கள் கிணறுகள் உப்பாகி வெகுகாலம் ஆகியிருந்தது. நெல் போனது, வாழை போனது, தென்னை மட்டும் நின்றது. எங்கள் இளநீர் கரிக்கிறது என்று யாரும் குடித்துப் பார்த்துச் சொன்னதில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதுமே அவர்களுக்குக் கரித்துவிடும். எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நான் வேறு ஊர் இளநீரைக் குடித்ததில்லை.

அதனால் சந்தையில் யார் கேட்டாலும் "ஆலங்காயத்துக் காய்" என்று சொல்வது எங்கள் வழக்கம். அது மலையடிவார ஊர், அங்கே கழிவு கலக்காத மலைத் தண்ணீர். கேட்கிற வியாபாரிக்கும் அது பொய் என்று தெரியும். தலையை ஆட்டிவிட்டு விலையைக் குறைத்துக்கொள்வார். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. அந்தக் காய்களுக்கெல்லாம் அங்கே மரம் இருந்திருந்தால், ஆலங்காயத்தில் மனிதர் குடியிருக்க இடம் இருந்திருக்காது.

முதலில் பதிய வந்தவர் எதிர்வீட்டு அண்ணன். அரை ஏக்கர் தோப்பு ஒன்றுதான் அவர் பிழைப்பு. வருடக்கணக்காகக் காய் எடுத்துவந்த உள்ளூர் வியாபாரியிடம், "இனிமே என் தோப்புப் பக்கம் வராதே, எனக்கு கம்ப்யூட்டர் கீது" என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"ஊர் பேரு இன்னா போடட்டும்ணா?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்விமா இது? ஆலங்காயம்னு போடு."

"நம்ம ஊர் பேரத்தான கேக்குது..."

"அதப் போட்டா எவன் வருவான்? இந்தப் பொட்டிக்கு இன்னா தெரியப்போவுது?"

சொன்னபடி அடித்தேன். பெட்டி தலையை ஆட்டவில்லை, விலையைக் குறைக்கவில்லை. அப்படியே நம்பியது.

ஒரு வாரத்துக்குள் சென்னையிலிருந்து ஒரு வியாபாரி போன் செய்தார். என்னை "மேடம்" என்றார். அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன். நல்ல விலை பேசி, லாரி வரும் நாளையும் சொன்னார். அன்று விடியும் முன்பே அண்ணன் ஆள் விட்டுக் குலைகளை இறக்கித் தோப்பு வாசலில் குவித்துவிட்டார். மதியம் வரை லாரி வரவில்லை. அவரும் அண்ணியும் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். போன் அடித்தது. லாரி டிரைவர்.

"மேடம், ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். தோப்பு எங்க கீது?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சென்னையிலிருந்து போன லாரி ஆம்பூரைத் தாண்டித்தான், எங்கள் ஊர்ப் பிரிவு ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் போயிருக்க வேண்டும். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"கொஞ்ச தூரந்தான்னு சொல்லுமா" என்று அண்ணன் குசுகுசுத்தார்.

"கொஞ்ச தூரமா? வாணியம்பாடி தாண்டி வரணும்யா!" என்றாள் அண்ணி. "காய வெட்டிப் போட்டுட்டு ரகசியம் பேசிக்கினு கீது பாரு. குடும்மா இப்டி." போனை வாங்கிக்கொண்டாள். "தம்பி, தோப்பு ஆம்பூர்ப் பக்கம்ப்பா. வண்டியத் திருப்பிக்கினு வந்துடு."

"ஆம்பூரா? மொதலாளியக் கேட்டுச் சொல்றேன்கா."

முதலாளியே கூப்பிட்டார். அண்ணி போனை என்னிடம் தள்ளிவிட்டாள்.

"தோல் கம்பெனி ஊருன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே, மேடம்."

"காய் நல்லா இருக்கும் சார். குடிச்சுப் பாருங்க" என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

"இருக்கும் மேடம். ஆனா வாங்குறவங்க கேட்டா நான் எந்த ஊர் காய்னு சொல்றது?"

அதற்கு எங்களிடம் ஒரு பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

லாரி காலியாகத் திரும்பவில்லை. டிரைவர் ஆலங்காயத்திலேயே விசாரித்து ஒரு தோப்பில் லோடு ஏற்றிக்கொண்டார். கம்ப்யூட்டரைக் கண்ணாலும் பார்க்காத ஒரு விவசாயி, நடுவில் ஆளே இல்லாமல் சென்னைக்குக் காய் அனுப்பினார். மாதக் கடைசியில் வந்த அதிகாரி அதை எங்கள் மையத்தின் முதல் விற்பனையாகக் குறித்துக்கொண்டு என்னைப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

லாரி வராமல் போன அன்று சாயங்காலம் அண்ணன் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெயிலில் காய்கள் வாடத் தொடங்கியிருந்தன. "அந்தப் பொட்டிய இட்டுக்கினு வந்து குடிக்கச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே அண்ணி அவற்றின் மேல் ஓலையைப் போட்டு மூடினாள்.

மறுநாள் காலையில் அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு உள்ளூர் வியாபாரியின் வீட்டுக்குப் போனார். மதியத்துக்குள் டெம்போ வந்தது. வழக்கத்தைவிடக் குறைந்த விலைக்கு எல்லாக் காய்களையும் ஏற்றிக்கொண்டு போனது.