படகு நிழலில் எடுத்த படம்

போன கிழமை எங்கள் அலுவலகத்துக்குப் புதுப் பெனர் ஒன்று அச்சாகி வந்தது. சுருளைப் பிரித்ததும் மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்ததுபோல ஒரு மணம். மற்றவர்கள் எழுத்துப்பிழை தேடினார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். டெங்கு ஒழிப்புப் பெனர்தான், பெரிய நுளம்பு ஒன்றின் படம் போட்டது. நுளம்புக்காக யாரும் வந்து நியாயம் கேட்கப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அன்று முழுக்கக் கதிரையில் ஒழுங்காக உட்கார முடியவில்லை.

அந்த மணத்தை நான் முதன்முதலில் அறிந்தது புத்தளம் டவுனில், ஓர் அச்சுக் கடையில். அப்போது கம்பஸில் இரண்டாம் வருஷம். கம்பஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்த கேட், நாலு கட்டிடம், ஒரு கென்டீன். பிந்திப் போனால் பாணும் பருப்பும்தான் மிஞ்சும். அந்தக் கென்டீன் மேசையில் இருந்துதான் நாங்கள் நாட்டைத் திருத்தினோம். ஒரு மாதம் பொலித்தீன் ஒழிப்பு. வந்தவர்களுக்குக் கொடுத்த பனிஸ் எல்லாம் பொலித்தீனில் சுற்றியிருந்தது. அடுத்தது இரத்ததானம், ஊசியைக் கண்டு முதலில் மயங்கி விழுந்தவர் எங்கள் மாணவர் சங்கத் தலைவர். அதையெல்லாம் இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்லலாம். மூன்றாவதாக வந்தது போதை ஒழிப்பு வாரம்.

எனக்குப் போனில் படம் எடுத்து அதன் மேல் எழுத்துப் போடத் தெரியும். அதனால் என்னை வடிவமைப்புப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். அந்தப் பட்டத்தை வீட்டில் நாலு தரமாவது சொல்லியிருப்பேன்.

படம் தேடி எத்தாளைக் கரைக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். கரையில் ஏற்றி வைத்திருந்த படகொன்றின் நிழலில் கட்டம்போட்ட சாரன் உடுத்த ஓர் ஆள் குப்புறப் படுத்திருந்தார். முகம் முழங்கைக்குள். பக்கத்தில் ஒரு போத்தல் சரிந்து கிடந்தது. தண்ணீர்ப் போத்தல்தான், ஆனால் படத்தில் அது தெரியாது. மூன்று படம் எடுத்தேன். எழுப்பிக் கேட்கத் தோன்றவில்லை. முகம்தான் தெரியவில்லையே, பிறகென்ன என்று நினைத்தேன். கறுப்பு வெள்ளையாக்கி, “நாளை இது உங்கள் வீட்டில்” என்று மேலே போட்டேன். பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் சேர் பார்த்துவிட்டு, “நல்லா உறைக்கிது,” என்றார்.

என் அறைத்தோழி ரிஃப்கா அந்தக் கிழமை காய்ச்சலோடு வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வீடு எத்தாளையில்தான். திரும்பி வந்ததும் கென்டீன் வாசலில் கட்டியிருந்த பெனரைக் காட்ட நானே அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன், பாராட்டுக் கேட்க.

அவள் நிறைய நேரம் பார்த்தாள்.

“இந்தச் சாரன் எங்கட வாப்பாட,” என்றாள். “வாப்பா மௌத்தான பிறகு நாநாதான் உடுக்கிறாரு.”

அவளுடைய அண்ணன் நிஸார் நாநா இரவில் கடலுக்குப் போகிறவர். விடியக் கரைக்கு வந்தால், தகரக் கூரை வீட்டின் வெக்கைக்குப் பயந்து படகு நிழலிலேயே தூங்குவார். வெற்றிலைகூடப் போடாத மனிதர்.

ரிஃப்கா சண்டை பிடிக்கவில்லை. கென்டீனுக்குள் போய் ஒரு கதிரையை இழுத்து வந்து, ஏறி நின்று, ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தாள். மற்றக் கயிற்றை நான் அவிழ்த்திருக்கலாம். பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் படம் போன் போனாகப் போய்விட்டிருந்தது. படகின் இலக்கம் பாதி தெரிந்ததே, அது போதும். பொலிஸில் இருந்து இரண்டு பேர் வந்து போதைப்பொருள் தேடிப் படகைச் சோதித்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் போனார்கள். படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி, கொஞ்ச நாளைக்குக் கடலுக்கு வரவேண்டாம் என்று நாநாவிடம் சொல்லிவிட்டார்.

பகிரங்கமாக மன்னிப்புக் கேட்போம் என்று சங்கத்தில் சொன்னேன். தலைவர் மறுத்தார். “மன்னிப்புக் கேட்டா முழு வேலையும் பிழை எண்டாகிடும். பேசாம அழிச்சிட்டு விடுவம்.” அழித்தேன். அரை நிமிஷம்கூட எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “மன்னாரில இருந்து அகதியா வந்த புதுசில தண்ணிக்கு வரிசையில நிக்கக்க என்னையும் ஒருத்தன் படம் புடிச்சான். அடுத்த வருசம் கலண்டர்ல வந்திச்சு. எத்தன வீட்டுச் சுவர்ல தொங்கினனோ.” அவ்வளவுதான் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் அவர் வாயில் வராத கதை அது. அன்று பின்னேரம் சுவர்களைப் பார்த்தபடி வீட்டுக்குள் அறை அறையாக நடந்தேன்.

அடுத்த நாள் எத்தாளைக்குப் போனேன். ரிஃப்காவும் வந்தாள், பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்து. நாநா வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் உண்மையை அறிவிக்கச் சொல்கிறேன் என்றேன்.

“வேணாம் தங்கச்சி,” என்றார், கம்பியை முறுக்கியபடி. “இப்ப பாதி ஊருக்குத்தான் தெரியும்.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அங்கிருந்து நேரே சம்மாட்டியிடம் போனேன். படம் எடுத்தது நான்தான், நாநா தூங்கிக்கொண்டுதான் இருந்தார் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஓம், நீங்க சொல்றத நான் நம்புறன் பிள்ள. ஆனா மத்த ஆக்கள் அவனோட ஒரே போட்ல ஏறணுமே.”

சில மாதம் நிஸார் நாநா உடப்புப் பக்கம் வேறொருவருடைய படகில் போனார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. பிறகு கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். ரிஃப்கா கடைசிவரை என் அறையில்தான் இருந்தாள். நோட்ஸ் தருவாள், சலாத்துக்குப் பதில் சொல்வாள். தன் வீட்டுக் கதை மட்டும் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. அவளுடைய கல்யாணத்தை நான் இன்னொருத்தி சொல்லித்தான் அறிந்தேன்.

அந்தக் கரையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. மீன் கழற்றும் நேரத்தில் கம்பஸ் பிள்ளைகள் யாராவது போனால், “வாங்க, ஹொஸ்டலுக்கு ரெண்டு கொண்டு போங்க,” என்று கூப்பிடுவார்கள். பை இல்லை என்றால் ஓலையில் கோத்துத் தருவார்கள். எந்த ஊர், யார் மகள் என்றுகூடக் கேட்கமாட்டார்கள்.

போன மாதம் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு வேலை முடிந்து வரும்போது எத்தாளையில் இறங்கிக் கரையோரம் நடந்தேன். இரண்டு பேர் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சலாம் சொன்னேன். பதில் வந்தது. பிறகு இருவரும் என் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு, எனக்கு முதுகு தெரியும்படி மாறி உட்கார்ந்தார்கள்.