ரைட் என்றால் போகலாம்

பஸ்காரருக்குக் காது உண்டு, கண் கிடையாது என்று பணிமனையில் கேலி செய்வார்கள். முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். பின்னாலிருந்து கண்டக்டர் "ரைட்" என்றால் வண்டி நகரும், "ஹோல்டான்" என்றால் நிற்கும். அதற்கு மேல் கண்ணாடியைப் பார்ப்பது கண்டக்டரை நம்பாத மாதிரி என்பது அவர் கட்சி. பெரிய நியாயஸ்தர்!

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வேன் வாங்கினார். மனைவி தையல்காரி, ஜன்னல் திரை, மெத்தை உறை எல்லாம் அவர் கைவேலை. குளிர் விட்டதும் தெற்குக் கடலோரமாகவே போவது, பிடித்த இடத்தில் கூடாரம் அடிப்பது என்று ஏற்பாடு.

"ஆயுசு பூரா ஒரே ரூட்ல சுத்தினீங்க. இப்பவாவது நேரா ஓட்டுங்க" என்றார் மனைவி.

ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். அப்பா என்றால் அவளுக்கு உயிர். தினமும் மதியம் ஃபோன் போட்டு, இருவரும் சாப்பிட்டார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள்.

எட்டு நாள் நன்றாகத்தான் போனது. ஒன்பதாம் நாள் மதியம் போய்ச் சேர்ந்த முகாமில், குளியலறைச் சுவரையொட்டி இடம் கொடுத்தார்கள். மனைவி இறங்கி வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வரட்டும், வரட்டும், ஹோல்டான்!" என்று தேர்ந்த கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்தார். வண்டி நின்றது. கியரை ரிவர்ஸிலிருந்து அவர் மாற்றவில்லை. அப்போது மனைவியின் ஃபோன் அடித்தது. வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னாள் மகள்.

"ரைட், ரைட், போட்டுக்கறேன்."

முதல் ரைட்டிலேயே பஸ்காரரின் கால் தன் வேலையைச் செய்துவிட்டது. வேனுக்கும் சுவருக்கும் நடுவில் மனைவி இருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். இரண்டாம் நாள் காலையில் மனைவி வாய் திறந்து பேசினார்.

"பொண்ணு வந்து கேப்பா. ஜன்னல் மூடியிருந்துச்சு, எதுவும் காதுல விழலைன்னு சொல்லிடுங்க. தான் பேசினதாலதான்னு தெரிஞ்சா தேறவே மாட்டா."

"நீ எழுந்து வந்து நீயே சொல்லு."

"ஏங்க, விளையாடாதீங்க."

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து பஸ்காரர் யோசித்தார். உண்மையைச் சொன்னால் மகள் கட்டிக்கொண்டு அழுவாள், அப்புறம் காலத்துக்கும் தன்னையே திட்டிக்கொள்வாள். பொய் சொன்னால் பழி முழுக்கத் தன் மேல் விழும், அவளும் தனக்கு இல்லை. அந்த மனிதருக்கு வேறு நாதி கிடையாது.

ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து மகள் வந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு நேரே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அம்மா என்கிட்ட ரைட்டுன்னு சொன்னாங்க. அது உங்க காதுல விழுந்துச்சா? உண்மையைச் சொல்லுங்க."

இரண்டு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இல்லம்மா. ஜன்னல் மூடியிருந்துச்சு. அம்மா ஒதுங்கிப் போயிருப்பான்னு நானா நினைச்சு வண்டியை எடுத்துட்டேன்."

"திரும்பிக்கூடப் பாக்கலையா?"

"பாக்கலை."

அவள் முகத்திலிருந்து பயம் போனது. வேறொன்று வந்து உட்கார்ந்தது. பஸ்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆம்புலன்ஸ்ல நான் அம்மாவோட போறேன்" என்றாள். "நீங்க ஏறாதீங்க."

"சரிம்மா" என்றார் பஸ்காரர்.