நீல டைல்ஸ்மேல் நட்ட பூண்டு

கொடைக்கானல் குளிரில் வெந்நீர் இல்லாமல் முகம்கூடக் கழுவ மாட்டோம். அந்த ஊரில் என் வீட்டுக்காரர் கொல்லையில் நீச்சல் குளம் கட்டினார். எங்களிடம் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் குளிப்பார்களாம். வந்தவர்கள் கால் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சால்வையைத் தேடி ஓடினார்கள். தவளைகள்தான் தயங்காமல் குளித்தன.

பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்தபின் அறை விடுவதை நிறுத்திவிட்டோம். அவரைத் துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து நான் நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே அந்தப் பாசித் தண்ணீர். எனக்கு அலுத்துவிட்டது. மண்ணைக் கொட்டித் தோட்டமாக்கப்போகிறேன் என்றேன். "பூண்டு போடு" என்றார், அவ்வளவுதான். வடகவுஞ்சியில் காலங்காலமாகப் பூண்டு போட்ட குடும்பம் அவருடையது. என் பிறந்த வீடும் அப்படித்தான்.

மண் கொட்ட வந்த பெண் தண்ணீரை இறைத்துவிட்டு அடியைத் தட்டிப் பார்த்தாள். "இதை ஒடச்சு விட்டுருவோம்க்கா. இல்லாட்டி தண்ணி எறங்காது, வேர் அழுகிரும்" என்றாள். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நீல டைல்ஸ் முழுவதும் அவர் தன் கையால் பதித்தது. அப்போது இரண்டு கையும் வேலை செய்தது. அது உடைகிற சத்தம் படுத்துக் கிடக்கிற மனிதர் காதில் விழ வேண்டாம் என்று, "மேலேயே கொட்டும்மா" என்று சொல்லிவிட்டேன்.

நட்ட பிறகு மழை விடாமல் பிடித்தது. படுக்கையிலிருந்து அவருக்கு வானம் மட்டும்தான் தெரியும். "பூண்டு எப்பிடி இருக்கு?" என்று தினமும் கேட்பார். நன்றாக இருக்கிறது என்பேன். அறுவடைக்கு இழுத்தால் கையோடு கூழ்தான் வந்தது. குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். பிறகு சந்தைக்குப் போய் ஒரு கட்டுப் பூண்டு வாங்கி, சேற்றைப் பூசி, அவருடைய இடது கையில் வைத்தேன்.

"நம்ம பூண்டுங்க."

மூக்கருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"இன்னைக்குப் புடுங்குன பூண்டுல எப்பிடிப் புள்ள பொகை வாசம் வரும்?"

கெடாமல் இருக்கப் பூண்டைப் பரணில் கட்டி வாரக்கணக்கில் புகை போடுவது எங்கள் வழக்கம். சந்தைக்கு வருவது அதுதான். பிறந்ததிலிருந்து அந்தப் புகையில் வளர்ந்தும், சேறு பூசத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் நொறுங்கிப்போவார் என்று பயந்தேன்.

"டைல்ஸுக்காகவா ஒடைக்காம விட்டே?"

"ஆமாங்க."

"அந்தக் கொளத்தப் பாக்கவே எனக்குப் புடிக்கல. கட்டுன வருசமே புடிக்கல. ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு." மூச்சு வாங்கினார். "வெரசா ஒடச்சுப் போடு."

மறுநாள் வெள்ளனே அந்தப் பெண்ணும் நானும் ஒரு மூலையில் சேற்றை அள்ளி ஒதுக்கினோம். அவள் கடப்பாரையை நீட்டினாள். நீலம் தெரிந்த இடத்தில் ஓங்கிப் போட்டேன். சில்லுத் தெறித்தது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

ஜன்னலுக்குள்ளிருந்து குழறிய குரல் வந்தது. "இன்னொண்ணு போடு, புள்ள."